வசந்துக்குத் தைரியம் எப்படி வந்தது?

வசந்த் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவன் வாய்தான். ஜோக், எதிரே வரும் பெண்ணைப் பற்றி ஒரு கமெண்ட், சொல்லத் தொடங்கி எப்போதும் முடிக்காமல் விடும் அந்த மெக்ஸிகோ சலவைக்காரி. சுஜாதா வாசகர் யாரைக் கேட்டாலும் "கணேஷுக்கு மூளை, வசந்துக்கு வாய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் கணேஷ் கதைகளை முடிந்தவரை வெளிவந்த வரிசையில் திரும்பப் படித்தேன். வரிசையாகப் படித்தால் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. அதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வசந்தைப் பற்றிப் பேச முதலில் கணேஷிடம் போகணும். ஏன்னா கணேஷ் வந்து சில வருஷம் கழித்துத்தான் வசந்த் வருகிறான். 1968இல் குமுதத்தில் 'நைலான் கயிறு' தொடர்கதை. அதில் கணேஷ் நாயகன்கூட இல்லை. குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக வாதாட வருகிற இளம் வக்கீல், அவ்வளவுதான். கடைசியில் முடிச்சை அவிழ்ப்பதும் அவன் இல்லை. தமிழில் இத்தனை பெரிய பெயர் எடுத்த ஒரு துப்பறிவாளனின் முதல் வழக்கில் அவன் துப்பறியவே இல்லை என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

அடுத்து 'அனிதா இளம் மனைவி'. இதில் கணேஷ் டெல்லியில் இருக்கிறான். சுஜாதாவும் விமானப் போக்குவரத்துத் துறை வேலையில் டெல்லியில் இருந்தவர், அந்த ஊர் வெயிலும் குளிரும் கதையில் நன்றாகத் தெரியும். கணேஷ் இங்கே தனியாள். எதையும் உரக்க யோசிக்க ஆள் கிடையாது. வழக்கோடு சம்பந்தப்பட்ட பெண்ணிடம் அவன் மனசு சாய்கிறது, அது தப்பு என்றும் அவனுக்குத் தெரிகிறது, ஆனாலும் சாய்கிறது. முடிவைச் சொல்லப் போவதில்லை, படிக்காதவர்கள் இருப்பீர்கள். ஆனால் அந்தக் கணேஷ் நமக்குப் பழக்கமான கணேஷ் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடலாம். கெட்டிக்காரன்தான், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் படபடப்பு. தான் கெட்டிக்காரன் என்று யாரிடமோ நிரூபித்துக்கொண்டே இருக்கிற மாதிரி ஓர் அவசரம்.

இது தமிழுக்குப் புதுசு. அதுவரை நம் துப்பறிவாளர்கள் கதைக்குள் நுழையும்போதே முழுசாக நுழைந்தார்கள். ஜே.ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனுக்குச் சந்தேகம் வந்து நான் பார்த்ததில்லை. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு ஒரு கப் தேநீர் போதும், கலக்கம் என்பதே கிடையாது. பக்கத்தில் சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைக் கேட்கவே வேண்டாம். மறுபக்கம் தேவனின் துப்பறியும் சாம்பு. அவருக்குத் தன்மேல் நம்பிக்கையே இல்லை. ஊர்தான் அவர் உளறலை எல்லாம் மேதாவித்தனமாக எடுத்துக்கொண்டு அவரைத் துப்பறிவாளராக ஆக்குகிறது. (சாம்புவை வெறும் நகைச்சுவை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு, அது இன்னொரு நாள்.) ஆக, ஒன்று சந்தேகமே இல்லாத ஆள், அல்லது தன்னம்பிக்கையே இல்லாத ஆள். நடுவில் இருக்கிறவன், அதாவது நம்மைப்போல பாதி தெரிந்து பாதி தெரியாமல் நிற்கிறவன், துப்பறிய வந்து நான் பார்த்தது கணேஷில்தான்.

'ப்ரியா'வில் வசந்த் வருகிறான். அதிலும் லண்டன் வரைக்கும் போய் அலைகிறவன் கணேஷ்தான், ஜூனியருக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. (1978இல் அது படமானபோது லண்டன் சிங்கப்பூர் ஆனது, கணேஷ் ரஜினிகாந்த் ஆனார். ரஜினியே வந்து நின்றபிறகு ஹீரோ சந்தேகப்பட நேரம் ஏது?) ஆனால் அதற்குப் பிறகு வருகிற கதைகளைப் பாருங்கள். சென்னை, தம்பு செட்டித் தெரு ஆபீஸ், பாஸ், ஜூனியர். கணேஷின் படபடப்பு காணாமல் போய்விட்டது! எங்கே போனது? எனக்கு என்னமோ சுஜாதா கணேஷிடமிருந்து அந்த இளமையை அப்படியே கழற்றி எடுத்து இன்னொருவனுக்கு மாட்டிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. பெண்களிடம் சாய்வது, அவசரப்படுவது, முந்திக்கொண்டு பேசுவது எல்லாம் வசந்துக்குப் போய்விட்டது. மிச்சமிருந்தவன் நிதானமான சீனியர்.

வசந்த் ஆரம்பத்தில் என்ன செய்கிறான் என்று கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ஃபைல் எடுத்துத் தருவான், கார் கொண்டு வருவான், சாட்சியைப் போய்ப் பார்த்து வருவான். நடுவில் வாய் ஓயாது. நான் இந்தப் பேச்சைத்தான் தன்னம்பிக்கை என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அது அதற்கு எதிர்ப்பக்கம். அறிவில் தன்னைவிட மூத்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சின்னப் பையன் தன் இருப்பை எப்படிக் காட்டுவான்? சிரிக்க வைப்பான். சிரிக்க வைக்கிற வரைக்கும் யாரும் அவனிடம் "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்க மாட்டார்கள். அது ஒரு பாதுகாப்பு. வேலைக்குச் சேர்ந்த புதுசில் எல்லா ஆபீசிலும் இப்படி ஒரு பையன் இருப்பான்.

ஆனால் கணேஷ் கேட்கிறான். இதுதான் நான் வரிசையில் படித்தபோது கண்டது. "நீ என்ன நினைக்கிறே வசந்த்?" என்ற மாதிரி ஒரு கேள்வி கதைக்குக் கதை வருகிறது. வசந்த் ஏதாவது சொல்வான், பல சமயம் தப்பாக இருக்கும். கணேஷ் கிண்டல் செய்வான், அதட்டுவான். ஆனால் அடுத்த முறை கேட்பதை நிறுத்த மாட்டான். ஷெர்லாக் ஹோம்ஸும் வாட்ஸனிடம் கேட்பார், உண்மைதான். அங்கே வாட்ஸன் தப்பாகச் சொல்வதே ஹோம்ஸின் கெட்டிக்காரத்தனம் நமக்குத் தெரியணும் என்பதற்காக. 1887இலிருந்து அதே வேலை. சத்யஜித் ராயின் ஃபெலுதா கதைகளில் (1965இல் 'சந்தேஷ்' பத்திரிகையில் ஆரம்பம்) கதை சொல்கிற தம்பி தொப்ஷேயிடம் ஃபெலுதா காட்டுவது வேறு மாதிரி, ஒரு அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமை. கணேஷ் கேட்பது இந்த இரண்டும் இல்லை. தன் கணக்கில் ஒரு எண் குறைகிறது, அது இவனிடம் இருக்கலாம் என்று நிஜமாகவே நினைத்துக் கேட்கிறான்.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்றால், என்னிடம் யாரும் கேட்காத ஒரு வருஷம் இருந்தது. படிப்பு முடித்து சிவகாசியில் ஒரு அச்சகத்தில் தினசரி காலண்டர் தாள்களுக்குப் புரூஃப் பார்க்கும் வேலை. எம். புதுப்பட்டியிலிருந்து காலை பஸ், ராத்திரி பஸ். ஒருநாள் ஒரு செவ்வாய்க்கிழமைத் தாளில் ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறியிருந்தது. செவ்வாய் என்றால் ராகு காலம் 3 முதல் 4.30, எங்க அப்பத்தாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். தாளில் 9 முதல் 10.30 என்று இருந்தது. எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தத் தாளில் ஏற்கெனவே சீனியர் ஒருவரின் கையெழுத்து விழுந்திருந்தது. 'அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போகுது' என்று விட்டுவிட்டேன். அது அச்சாகி, அடுக்கி, தைத்து, அட்டையில் ஒட்டியபிறகு கடைக்காரர் ஒருவர் போன் செய்து சொன்னார். அந்தச் சீனியர் என்னைத் திட்டவில்லை. "நீ பாத்தியா?" என்றுகூடக் கேட்கவில்லை. நான் பார்த்திருப்பேன் என்று யாருக்கும் தோன்றவே இல்லை என்பதுதான் அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் என்னைக் குடைந்தது.

அந்த அச்சகத்தில் வாயாடிப் பையன்களுக்குக் குறைவில்லை. நானும் அதில் ஒருத்தன். டீ நேரத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பேன். புரூஃப் தாள் முன்னால் உட்கார்ந்தால் வாய் அடைத்துவிடும்.

சரி, வசந்துக்கு வருகிறேன். அவன் மாறுகிற இடம் எது என்று கேட்டால் நான் 'கொலையுதிர் காலம்' என்பேன். 1981இல் குமுதத்தில் தொடராக வந்தது. லீனா என்ற பெண்ணின் சொத்து விவகாரமாக இருவரும் கிராமத்து வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே இருட்டில் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்க்கிறார்கள். வசந்துக்கு அது பேய். கணேஷுக்கு அது யாரோ செய்கிற தந்திரம், ஒளியை வைத்து, ஹோலோகிராம் மாதிரி ஏதோ ஒன்று. வாசகர்களில் பலர் இந்தக் கதையை விஞ்ஞானத்துக்கும் மூடநம்பிக்கைக்கும் நடந்த போட்டியாகப் படித்தார்கள். எனக்கு அந்தப் போட்டியில் அவ்வளவு ஆர்வம் இல்லை. நான் பார்ப்பது, ஜூனியர் பாஸிடம் முகத்துக்கு நேரே "நான் பார்த்ததை நான் நம்புறேன்" என்கிற தொனியில் நிற்பதை. ஜோக் அடித்து நழுவவில்லை. 'பாஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று இறங்கவும் இல்லை. பயந்திருக்கிறான், அந்தப் பயத்தையும் மறைக்கவில்லை. பயந்துகொண்டே தன் கட்சியில் நிற்கிறான்.

இத்தனைக்கும் படிக்கிற நமக்கு கணேஷ் பக்கம்தான் நியாயம் என்று படும். கையில் ஆதாரம் ஒன்றும் இல்லாமல், பார்த்தேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் வாதாடுகிறான். எதிர்க்கட்சி வக்கீல் அவன் பாஸ்.

கணேஷ் பக்கமும் பார்க்கணும். அவனுடைய விளக்கத்தில் ஓட்டைகள் இருக்கின்றன, அது அவனுக்கே தெரிகிறது. 'அனிதா' காலத்துக் கணேஷாக இருந்தால் அந்த ஓட்டைகளைப் பேச்சால் அடைத்திருப்பான். இந்தக் கணேஷ் "தெரியலை" என்று சொல்லிவிட்டு மறுபடி தேடப் போகிறான். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக இருந்தவர். சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் முதலில் 'எங்கே போச்சுன்னு தெரியலை' என்று ஒத்துக்கொண்டால்தான் மீட்டரையே கையில் எடுக்க முடியும் என்பது அந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தைத்தான் கணேஷுக்கும் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு பாஸ் தன் ஜூனியர் முன்னால் "தெரியலை" என்று சொல்ல, அந்த ஜூனியர் அதை வைத்துத் தன்னை மட்டமாக நினைக்க மாட்டான் என்ற நம்பிக்கை வேணும். அதை வசந்த் கொடுத்திருக்கிறான். தப்பாகச் சொன்னாலும் விரட்ட மாட்டார் என்ற நம்பிக்கையை கணேஷ் இவனுக்குக் கொடுத்திருக்கிறான். இருவரின் தைரியமும் ஒருவர் மற்றவரிடம் கடன் வாங்கியது. தனியாக டெல்லியில் இருந்தவனுக்கு அது கிடைக்கவில்லை.

வசந்தைப் பற்றி நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. அவன் பெண்களைப் பற்றி அடிக்கிற கமெண்டுகளில் பாதியை இன்றைக்குப் படித்தால் முகம் சுளிக்கத்தான் செய்கிறது. 'அந்தக் காலம் அப்படி' என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலத்திலும் படித்த பெண்களுக்கு அது பிடித்திருக்குமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்து கல்லூரியில் வசந்தை நகல் எடுத்தவர்கள் எல்லோரும் இந்தக் கமெண்டைத்தான் எடுத்தார்கள், ஓவியர் ஜெயராஜ் வரைந்த தலைமுடியையும் சேர்த்து. பாஸோடு மாறுபட்டு நிற்கிற வசந்தை நகல் எடுத்த ஒருத்தனையும் நான் பார்க்கவில்லை. அது கஷ்டம், அதுதான் காரணமாயிருக்கும்.

பின்னால் 'வசந்த்! வசந்த்!' என்று ஒரு நாவலுக்குத் தலைப்பே வந்தது. முதல் கதையில் இல்லாதவன், 'ப்ரியா'வில் ஓரமாக வந்தவன், கடைசியில் அட்டையில் இரண்டு தடவை ஏறிவிட்டான்.

'கொலையுதிர் காலம்' நான் முதலில் படித்தது புத்தகமாக இல்லை. சித்தப்பா ஒருவர் பைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தார். குமுதத்திலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்த பக்கங்களை, அச்சகத்தில் மிஞ்சிய காலண்டர் அட்டையைப் போட்டு அவரே தைத்து வைத்திருந்தார். முன்னட்டையில் முருகன், பின்னட்டையில் பாதி லட்சுமி. என் கைக்கு வந்தபோது கடைசிச் சில பக்கங்கள் இல்லை. முடிவு என்ன என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "பேயிதான்டா, வேற யாரு" என்றார். பல வருஷம் கழித்துப் புத்தகம் வாங்கி முடிவைப் படித்துவிட்டு, அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது சித்தப்பா, ரெண்டு பக்கமும் இழுக்குது என்று அவரிடமே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்படியா? எனக்கு அது ஞாபகம் இல்லையே. சரி, நீ என்ன நினைக்கிறே?"