பெயருக்கு எண் சொல்வது யார்?

"லைன் இருக்கு, ஆனா ஒண்ணும் ஓப்பன் ஆகல." சாலாக் செலாத்தான் அடுக்குமாடிகளிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீடுகளிலும், கணினி பழுதுபார்க்கப் போகிறவர் காதில் அடிக்கடி விழும் புகார் இது. மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறது. வாட்ஸ்அப் செய்தி வந்து விழுகிறது. வங்கிப் பக்கம் மட்டும் திறக்க மறுக்கிறது. பல சமயம் கோளாறு லைனில் இருப்பதில்லை, இணையதளப் பெயருக்கு எண் சொல்லும் டிஎன்எஸ்ஸில்தான் இருக்கிறது.

கண்டுபிடிப்பது சுலபம். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு ஒரு பிங் கொடுங்கள். பதில் வந்தால் லைன் நன்றாகவே இருக்கிறது. அடுத்து, எண்ணுக்குப் பதில் ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுங்கள். ஹோஸ்ட்டைக் காணோம் என்று வந்தால், பெயருக்கு எண் சொல்ல வேண்டிய சர்வர் வாய் திறக்கவில்லை. அதே வைஃபையில் கைத்தொலைபேசி ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியானால் குறை கணினியில். சேர்ந்து கிடக்கும் பழைய டிஎன்எஸ் கேஷைத் துடையுங்கள், விபிஎன் இருந்தால் அணையுங்கள். வீட்டில் எல்லாமே திணறினால் மோடத்தையோ அதற்கு அப்பாலோ பார்க்க வேண்டும். அப்போது பலர் செய்வது, டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்ற பொது சர்வர் எண்ணைப் போட்டுவிடுவது. இரண்டு நிமிட வேலை.

அந்த இரண்டு நிமிட வேலையைத்தான் 2024 செப்டம்பரில் மலேசியாவே பேசியது. இந்த எண்களுக்குப் போகும் கேள்விகளை இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வருக்கே திருப்பிவிட வேண்டும், செப்டம்பர் 30 கெடு என்ற ஏற்பாடு வெளியே தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாளிலேயே அது நிறுத்தப்பட்டது. சூதாட்ட, ஆபாசத் தளங்களிலிருந்து குடும்பங்களைக் காக்கத்தான் இது என்றார்கள் ஆதரித்தவர்கள். நோக்கத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சில நாள் நமக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது.

சாதாரண டிஎன்எஸ் கேள்வி மூடாத அஞ்சலட்டை மாதிரி, 53-ஆம் போர்ட் வழியாகப் போகிறது. வழியில் இருப்பவர் படிக்கலாம், தாமே பதிலும் எழுதலாம். உங்கள் கணினியில் 8.8.8.8 என்றுதான் இருக்கும். பதில் சொல்வது வேறொருவராக இருப்பார். பிரௌசர் செட்டிங்கில் 'செக்யூர் டிஎன்எஸ்' போட்டால் அதே கேள்வி பூட்டிய நிலையில் 443 வழியாகப் போகும். இடையில் இருப்பவரால் படிக்க முடியாது. அதற்காக நிம்மதியாகிவிட முடியாது. பதில் சொல்பவர், இந்த வீடு இன்று எந்த மருத்துவமனையைத் தேடியது, எந்தக் கடன் நிறுவனத்தை நடு இரவில் திறந்தது என்று பெயர் பெயராகப் பார்க்கிறார். சர்வரை மாற்றினால் பார்ப்பவர் மாறுகிறார், அவ்வளவுதான்.

பார்ப்பவர் திருடனாகவும் இருக்கலாம். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் உலகெங்கும் சுமார் 40 லட்சம் கணினிகளின் டிஎன்எஸ் எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றிவைத்திருந்தது. 2011 நவம்பரில் அதை ஏவிய கும்பல் பிடிபட்டது. அவர்களுடைய சர்வரைச் சட்டென்று நிறுத்தினால் இத்தனை பேருக்கும் இணையம் போய்விடும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். தங்கள் எண் மாறியது தெரியாமலே பலர் அதுவரை இணையத்தில் உலவிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நிரல் சில வீட்டு ரூட்டர்களுக்குள்ளும் புகுந்து எண்ணை மாற்றியது. அதற்குத் திறவுகோல், யாரும் மாற்றாமல் விட்ட கடவுச்சொல். நம் வீட்டு ரூட்டரில் கடைசியாக அதை மாற்றியது யார்? கிள்ளானில் ஒரு தாமான் முழுக்க லைன் போட்டுக்கொண்டு போனவர் வைத்த அதே சொல் இன்னும் இருக்கலாம். பிரௌசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்து உள்ளே போய் மாற்றிவிடுங்கள். அங்கேயே டிஎன்எஸ் கட்டத்தில் முன்பின் தெரியாத எண் இருந்தால், அது யாருடையது என்று சேவை மையத்தைக் கேளுங்கள்.

லைன் போட வருகிறவர் வேகத்தைச் சொல்கிறார், மாதம் எத்தனை வெள்ளி என்றும் சொல்கிறார். நம் வீட்டுக் கேள்விகளுக்கு யார் பதில் சொல்கிறார், அந்தக் கேள்விகளின் பட்டியலை எத்தனை நாள் வைத்திருக்கிறார் என்பதையும் ஒப்பந்தத் தாளில் ஒரு வரியாகப் போடச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.