கார் சர்வீஸில் கூடுதலாகப் பரிந்துரைக்கப்படும் பணிகள்: எவை அவசியம், எவற்றை மறுக்கலாம்?

புதுடெல்லி: புதிய காருக்கு முதல் மூன்று சர்வீஸ்கள் இலவசம் என்று விற்பனையின்போது கூறப்படுவது வழக்கம். ஆனால், அந்த இலவசம் பெரும்பாலும் வேலைக்கூலிக்கு மட்டுமே பொருந்தும். எஞ்சின் ஆயில், ஃபில்டர் உள்ளிட்டவற்றுக்கான தொகையை வாடிக்கையாளரே செலுத்த வேண்டும். இலவசக் காலம் முடிந்த பிறகு, வழக்கமான பராமரிப்புப் பணிகளுடன் எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் சுத்திகரிப்பு, ஏசி கிருமிநீக்கம், டெஃப்லான் பூச்சு என வேறு சில வரிகளும் பில்லில் சேரத் தொடங்குகின்றன. இவற்றில் எது காருக்குத் தேவை, எது சர்வீஸ் மையத்தின் வருவாய்க்குத் தேவை என்பதே பலருக்கும் எழும் ஐயம்.

புதிய கார் விற்பனையில் முகவர்களுக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. காப்பீடு, துணைக்கருவிகள், சர்வீஸ், உதிரி பாகங்கள் ஆகியவையே அவர்களது வருவாயைத் தாங்கி நிற்கின்றன. 'மதிப்புக் கூட்டுச் சேவை' எனப்படும் கூடுதல் பணிகளுக்கு சர்வீஸ் அட்வைசர்களுக்கு மாதாந்திர இலக்கு நிர்ணயிக்கப்படுவதும் இத்துறையில் பரவலாக உள்ள நடைமுறை. எனவே, காரை ஒப்படைக்கும்போது கிடைக்கும் ஆலோசனையில் தொழில்நுட்பமும் உண்டு, விற்பனையும் உண்டு.

கையேடு சொல்வது என்ன?

இரண்டையும் பிரித்தறிய உதவுவது காருடன் வழங்கப்படும் உரிமையாளர் கையேடு. எந்தப் பாகத்தை எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மாதங்களில் மாற்ற வேண்டும் என்ற அட்டவணை அதில் இருக்கும். பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது எஞ்சின் ஆயில் மாற்றப்பட வேண்டும். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காருக்கும் இந்த ஓராண்டுக் கணக்கு பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அட்டவணைக்கு முன்னதாகவே ஒரு பணி பரிந்துரைக்கப்பட்டால், அது ஏமாற்று வேலை என உடனே முடிவு செய்யவும் முடியாது. தூசு நிறைந்த சாலைகள், நெரிசலில் நின்று நின்று செல்லும் பயணம், மிகக் குறுகிய தூர ஓட்டம் ஆகியவற்றைக் 'கடினமான பயன்பாடு' என வகைப்படுத்தி, அதற்கெனத் தனி அட்டவணையைப் பல கையேடுகள் தருகின்றன. இந்திய நகரங்களில் ஓடும் கார்களில் கணிசமானவை இந்த வகைக்குள் வரக்கூடியவையே. ஏர் ஃபில்டரை முன்கூட்டியே மாற்றச் சொன்னால், அதைக் கழற்றிக் காட்டுமாறு கேட்பதே எளிய வழி. அழுக்கு கண்ணுக்குத் தெரியும்.

பிரேக் ஆயிலின் நிலை வேறு. அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் அழுத்தும்போது வெப்பத்தால் உள்ளே ஆவி உருவானால், பிரேக் சரிவரப் பிடிக்காது. இதனால்தான் பல நிறுவனங்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கின்றன. வெளியே எந்த மாற்றமும் தெரியாததால் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் தள்ளிப்போடுவது இதைத்தான். தள்ளிப்போடவே கூடாத பணியும் இதுதான். பிரேக் பேடு, டயர், கூலன்ட் ஆகியவற்றிலும் கையேடு கூறும் அளவைத் தாண்டக் கூடாது.

மாறாக, எஞ்சின் ஃப்ளஷ், எஞ்சின் மேற்பூச்சு, உட்புற நறுமணச் சிகிச்சை போன்றவை பெரும்பாலான கையேடுகளின் அட்டவணையில் இடம்பெறுவதில்லை. உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்டுவரும் எஞ்சினுக்கு ஃப்ளஷ் பொதுவாகத் தேவைப்படாது. வீல் அலைன்மென்ட் அவசியமான பணிதான். ஆனால், கார் ஒருபக்கம் இழுக்கிறதா, டயர் சீரற்றுத் தேய்ந்துள்ளதா என்பதைப் பார்த்தே அதை முடிவு செய்ய வேண்டும்.

வெளியில் சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடுமா?

கூடுதல் பணியை மறுத்தால் உத்தரவாதம் ரத்தாகும் என்று சில இடங்களில் எச்சரிக்கப்படுகிறது. கையேட்டில் இல்லாத பணியை மறுப்பதற்கும் உத்தரவாதத்துக்கும் பொதுவாகத் தொடர்பில்லை. அத்தகைய நிபந்தனை உண்டு என்றால், அதை எழுத்துப்பூர்வமாகத் தருமாறு கேட்கலாம்.

வெளியிடங்களில் பழுதுபார்ப்பது குறித்து இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் மாதம் முக்கிய உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததாக மாருதி சுசூகி, டாடா மோட்டார்ஸ், மஹிந்திரா உள்ளிட்ட 14 நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்த ஆணையம், வெளியில் பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் கூறியது. தவறான பழுதுபார்ப்பால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே அதை மறுக்கலாம் என்பது ஆணையத்தின் நிலைப்பாடு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றதால் இவ்விவகாரம் நெடுங்காலம் நீண்டது. நடைமுறையில், உத்தரவாதக் காலம் முடியும்வரை அட்டவணைப்படியான சர்வீஸை அங்கீகரிக்கப்பட்ட மையத்திலேயே செய்வது வீண் தகராறைத் தவிர்க்கும். நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் வாங்கியவர்கள் அதன் நிபந்தனைகளைத் தனியே படிக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

காரை ஒப்படைக்கும்போது தயாரிக்கப்படும் ஜாப் கார்டுதான் பின்னாளில் ஆதாரமாக நிற்கும் ஆவணம். ஒப்புக்கொண்ட பணிகள், மதிப்பீட்டுத் தொகை, கிலோமீட்டர் அளவு ஆகியவை அதில் உள்ளனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். தன் ஒப்புதல் இன்றிக் கூடுதல் பணி செய்யக் கூடாது என்றும், மாற்றப்படும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதிலேயே எழுதச் சொல்லலாம். பில்லில் வரி விகிதத்தையும் சரிபார்ப்பது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக உள்ளது. அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் வசூலிக்கப்பட்டது.

ஒப்புதல் இல்லாத பணிக்குக் கட்டணம் வசூலிக்கப்பட்டால், முதலில் சர்வீஸ் மேலாளரிடமும், பின்னர் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவிடமும் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். அதிலும் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர முடியும். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யப்பட வேண்டும்.