ரமழானும் எங்கள் வீட்டுக் குசினியும்

புனித ரமழான் வந்துவிட்டால் எமது ஊரின் முகமே மாறிவிடும். அஸர் தொழுகைக்குப் பின் கஞ்சி வாங்குவதற்காகப் பாத்திரங்களோடு சிறுவர்கள் பள்ளிவாசலை நோக்கி ஓடுவார்கள். இரவானதும் தறாவீஹ் தொழச் செல்வோரால் வீதி நிறைந்துவிடும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை என்பதால் மாணவிகளாகிய எமக்கும் இபாதத் செய்ய நேரம் கிடைக்கின்றது. ஆனால் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் அந்த நேரம் கிடைக்கின்றதா?

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் ரமழான் நோன்பு கடமையாக்கப்பட்டது. தக்வா எனும் இறையச்சத்தை எம்மில் உண்டாக்குவதே அதன் நோக்கம் என்பதை ஸூரதுல் பகராவின் 183ஆவது வசனம் விளக்குகின்றது. எனவே வெறுமனே பசித்திருப்பது நோன்பாகாது. பொய்யையும் தீய நடத்தையையும் விடாதவர் உண்ணாமலும் பருகாமலும் இருப்பது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

இம்மாதத்தின் ஏனைய அமல்களையும் நாம் அறிவோம். அல்குர்ஆன் இறங்கிய மாதம் என்பதால் அதனை அதிகம் ஓதுகின்றோம். கடமையானவர்களில் பலர் தமது செல்வத்தில் 2.5 சதவீதத்தை ஸகாத்தாகக் கொடுப்பதற்கு இம்மாதத்தைத் தெரிவு செய்கின்றனர். பெருநாள் தொழுகைக்கு முன் ஒவ்வொருவருக்காகவும் ஒரு ஸாஉ, அதாவது சுமார் 2.5 கிலோ அரிசி, ஸகாதுல் பித்ராவாக ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். கடைசிப் பத்தில் ஆயிரம் மாதங்களை விடச் சிறந்த லைலதுல் கத்ர் இரவைத் தேடுகின்றோம். ஆயிரம் மாதங்கள் என்பது 83 வருடங்களும் 4 மாதங்களும் ஆகும். ஒரு மனித ஆயுளையே ஒத்த காலம் அது.

நோன்பாளி ஒருவருக்கு நோன்பு திறக்க உணவளிப்பவருக்கு, அந்நோன்பாளியின் கூலியில் எதுவும் குறையாமல் அதே போன்ற கூலி உண்டு என்பதும் நபிமொழியாகும். அப்படியானால் தினமும் முழுக் குடும்பத்துக்கும் சமைக்கும் உம்மாவுக்கு எவ்வளவு நன்மை! உண்மைதான். ஆனால் இதைச் சொல்லியே நாம் இலேசாகத் தப்பித்துக்கொள்கின்றோம்.

சென்ற வருடம் நடந்த ஒரு விடயத்தைச் சொல்கின்றேன. அப்போது நான் 23ஆவது ஜுஸ்உவை ஓதி முடித்திருந்தேன். உம்மாவின் குர்ஆனில் அடையாள நாடா ஆறாவது ஜுஸ்உவிலேயே இருந்தது. "இன்னும் ஆறிலயா உம்மா?" என்று கேட்டுச் சிரித்தேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று 27ஆம் இரவு. தஹஜ்ஜுத் தொழ எழுந்தபோது குசினியில் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தேன். ஸஹருக்கு அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, ஈரக் கைகளுடன் சுவரில் சாய்ந்தபடி உம்மா உறங்கிக்கொண்டிருந்தார். கஞ்சி, சமூசா, கட்லட், சர்பத் என்று நாங்கள் ஒவ்வொருவரும் கேட்டதையெல்லாம் அவர்தான் அன்றும் செய்திருந்தார். எனது 23 ஜுஸ்உக்களில் உம்மாவின் நேரமும் கலந்திருக்கின்றது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள்; தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குச் செல்வார்கள் என்று அவர்கள் கூறினார்கள். கடைசிப் பத்து வந்துவிட்டால் நபியவர்கள் தாம் மட்டும் விழித்திருக்கவில்லை. தமது குடும்பத்தாரையும் எழுப்பிவிட்டார்கள். வீட்டு வேலையில் பங்கெடுப்பதும் ஸுன்னத், வீட்டாரை இபாதத்தில் சேர்த்துக்கொள்வதும் ஸுன்னத்.

சகோதரிகளே, மாதவிடாய் நாட்களில் எமக்கு நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. விடுபட்ட நோன்புகளைப் பின்னர் கழாச் செய்கின்றோம். தொழுகைகளைக் கழாச் செய்ய வேண்டியதில்லை. அந்நாட்களில் "எனக்கு ரமழான் போய்விட்டதே" என்று கவலைப்படுவோர் எம்மில் பலர். திக்ர், துஆ, ஸலவாத், ஸதகா ஆகியவற்றின் வாசல்கள் அப்போதும் திறந்தே இருக்கின்றன. அந்நாட்களில் குசினியை நாம் பொறுப்பேற்றால் நோன்பு திறக்க உணவளித்த நன்மை எமக்கும் கிடைக்கும். உம்மாவும் தறாவீஹுக்குச் செல்லலாம்.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. இப்தாருக்குக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் இன்னுமொரு பண்டமும் போதும் என்று முடிவு செய்தோம். தேங்காய் துருவுவது என் வேலை. பாத்திரம் கழுவுவது நானாவின் வேலை. முதல் நாள் அவர் முணுமுணுத்தார். மறுநாள் கேட்காமலே வந்தார். பெற்றோரிடம் நான் அன்பாகக் கேட்பதும் இதுதான். இந்தப் பழக்கத்தை மகள்மாருக்கு மட்டுமல்ல, மகன்மாருக்கும் கொடுங்கள்.

எஞ்சியிருந்த சில நாட்களில் உம்மாவின் நாடா ஆறிலிருந்து பதினொன்றுக்கு நகர்ந்தது. நான் ஓதியவற்றை விட அந்த ஐந்து ஜுஸ்உக்களே எனக்கு அதிக மகிழ்ச்சியைத் தந்தன.

எமது நோன்புகளையும், எமக்காக உழைக்கும் உம்மாமாரின் அமல்களையும் வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.