ஆவரசு: வளர்ப்பும் பயனும்

இலங்கையின் உலர்வலயத்திலே, கரையோர மணற்றரைகளிலும் தரிசாக விடப்பட்ட காணிகளிலும் தெருவோரங்களிலும் யாரும் நடாமலே வளர்ந்து, பொன்னிறப் பூக்களைத் தாங்கி நிற்கும் செடி ஆவரசு ஆகும். ஆவாரை, ஆவிரை என்பனவும் இதன் பெயர்களே. சிங்களத்தில் இதனை ரணவரா என்பர். மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை முதலிய வரண்ட பகுதிகளில் இச்செடியை அறியாத கமக்காரர் இலர் எனலாம். ஆயினும், அறிந்த செடியைப் பற்றியும் பிழையான எண்ணங்கள் உண்டு. அவற்றுள் இரண்டு கமக்காரருக்கு இழப்பை உண்டாக்கக் கூடியவை.

முதலாவது, ஆவரசு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், அது நிற்கும் நிலம் தானே வளம்பெறும் என்பது. இரண்டாவது, "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்னும் பழமொழியை நம்பி, அதன் பூவை எந்நோய்க்கும் போதிய மருந்தெனக் கொள்வது. இவ்விரண்டையும் நீக்கி நோக்கினால், வயலுக்கும் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஆவரசு உதவும் அளவு தெளிவாகும்.

செடியின் இயல்பு

ஆவரசு பல கிளைகளை உடைய பற்றைச் செடி. பொதுவாக ஓர் ஆளின் உயரத்துக்கு வளரும். இடம் வாய்த்தால் அதனினும் ஓங்கும். ஒவ்வோர் இலைக்காம்பிலும் 8 முதல் 12 சோடி வரையான சிற்றிலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். சிற்றிலைகளின் நுனி மழுங்கியிருக்கும். இலைக்காம்பின் அடியிலே காதுமடல் போன்ற அகன்ற இலையடிச் செதில்கள் இரண்டு உள்ளன. தாவர நூலார் இதற்கு இட்ட சென்னா ஓரிக்குலாற்றா என்னும் பெயரின் பிற்பகுதி, 'காதுடையது' என்னும் பொருளில் இவ்வடையாளம் பற்றியே அமைந்தது. பழைய நூல்களில் இது கசியா ஓரிக்குலாற்றா எனக் குறிக்கப்பட்டிருக்கும். காய், கடதாசி போல் மெலிந்து தட்டையாக இருக்கும். உள்ளே விதை இருக்கும் இடங்கள் வெளியே தெரியும்.

ஒத்த தோற்றமுடைய செடிகள்

மஞ்சட்பூப் பூக்கும் இனச்செடிகள் வேறும் உள. அவற்றைப் பிரித்தறிதல் மிகவும் அவசியம். தகரைச் செடியில் ஓர் இலைக்கு மூன்று சோடி சிற்றிலைகளே உண்டு. காய் நீண்டு ஒடுங்கியது. பேயாவரை எனப்படும் செடியில் நான்கு முதல் ஆறு சோடி வரை உண்டு. சிற்றிலையின் நுனி கூர்மையானது. கசக்கினால் கெட்ட நாற்றம் வீசும். காதுமடற் செதில் இவ்விரண்டிலும் இல்லை.

பேயாவரையின் விதை நச்சுடையது. அதனை உண்ட கால்நடைகள் இறந்ததுண்டு. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்து மேற்குப் பகுதியில் சிறுவர்கள் ஈரலும் மூளையும் தாக்குண்டு இறந்தமைக்கு இவ்விதையை உண்டமையே காரணமென 2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே, வீட்டு வளவில் பேயாவரை முளைத்தால் காய்க்குமுன் பிடுங்கிவிடல் வேண்டும். ஆவரசம்பூப் பறிக்கச் சிறுவரை அனுப்புவோர் இவ்வேறுபாட்டை முதலில் காட்டிக் கொடுத்தல் நன்று.

ஆவரசும் நைதரசனும்

பயறு, உழுந்து, சணல், கிளிசிரிடியா ஆகியவற்றின் வேர்களில் சிறுகணுக்கள் தோன்றுகின்றன. அவற்றுள் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிர் உட்கொள்ளும் நிலைக்கு மாற்றுகின்றன. அவரைக் குடும்பத்துச் செடிகள் நிலத்தை வளமாக்கும் என்ற பெயர் இதனாலேயே வந்தது. ஆனால் அக்குடும்பத்துச் செடிகள் எல்லாவற்றுக்கும் இவ்வாற்றல் இல்லை. ஆவரசு சேர்ந்துள்ள சென்னா இனச்செடிகளின் வேர்களில் இச்சிறுகணுக்கள் பொதுவாக உண்டாவதில்லை.

இதனைக் கமக்காரர் தம் நிலத்திலேயே சோதித்தறியலாம். பூக்கும் பருவத்துப் பயற்றஞ்செடி ஒன்றையும், ஆவரசங்கன்று ஒன்றையும் வேர் அறாமல் மண்வெட்டியால் தோண்டி எடுத்து நீரில் மெதுவாகக் கழுவுக. பயற்றின் வேரில் சிறுமணிகள் போன்ற கணுக்கள் ஒட்டியிருக்கும். அவற்றுள் ஒன்றைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். அது கணு வேலை செய்வதற்கு அடையாளம். ஆவரசின் வேரில் அத்தகைய கணுக்களைக் காணமுடியாது.

இதனாற் பெறப்படுவது யாது? ஆவரசின் இலையிலுள்ள சத்து, அது நிற்கும் மண்ணிலிருந்தே எடுக்கப்பட்டது. பயிருக்கிடையே அதனை நட்டால், பயிருக்குரிய சத்தையும் நீரையும் அது பங்கிட்டுக்கொள்ளும். வேலியிலும் தரிசிலும் அதனை வளர்த்து, குழையை வெட்டி வயலுக்குக் கொண்டுவந்தால், பயன்படாது கிடந்த நிலத்தின் சத்து வயலைச் சேரும். எனவே ஆவரசுக்கு உரிய இடம் வேலியும் தரிசுமே. நிலத்திலேயே நைதரசனைச் சேர்க்க விரும்புவோர் அதற்குப் பயறு, சணல் போன்றவற்றை விதைத்தல் வேண்டும்.

வளர்க்கும் முறை

நன்கு முற்றிக் கபிலநிறமான காய்களிலிருந்து விதையை எடுத்தல் வேண்டும். விதையின் தோல் கடினமானது. அவ்வாறே விதைத்தால் பல விதைகள் நெடுநாள் முளையாது கிடக்கும். ஆதலால் விதையைப் பருமணலுடன் சேர்த்துச் சாக்கில் இட்டுத் தேய்க்கலாம். அன்றேல், நீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய பின், விதையை அதனுள் இட்டு ஓரிரவு ஆறவிடலாம். அடுப்பில் வைத்தே விதையைக் கொதிக்க விடலாகாது.

பெரும்போக மழை தொடங்கும் காலமே விதைப்புக்கு ஏற்றது. வேலியோரமாக இரண்டடிக்கு ஓர் இடமாக மண்ணைக் கொத்தி, மூன்று நான்கு விதைகளை அரை அங்குல ஆழத்தில் இட்டு, முளைத்தபின் திடமான ஒன்றை மட்டும் விடுக. முதலாம் கோடையைத் தாண்டிய செடிக்கு நீரூற்ற வேண்டியதில்லை. நீர் தேங்கும் பள்ளங்களும் வயலின் உள்வரம்புகளும் இதற்கு ஆகா. வரம்பில் நட்டால் நிழல் விழுவதோடு வரம்பைச் செப்பனிடுவதற்கும் இடையூறாகும்.

இரண்டாம் ஆண்டு முதல், முழங்கால் உயரத்துக்கு மேல் வெட்டிக் குழை எடுக்கலாம். வெட்டிய கட்டை மீண்டும் தளிர்க்கும். பூ வேண்டுவோர் வரிசையின் ஒரு பகுதியை வெட்டாது விடலாம். அங்கும் காய் முற்றி விதை சிந்துமுன் அவற்றை அகற்றினால், தோட்டத்துள் கன்றுகள் பரவா. வெளிர்நிற வண்ணத்துப்பூச்சியொன்றின் புழு சில காலங்களில் இலையை அரிக்கும். செடி மீண்டும் தளிர்க்குமாதலால் இதற்கு மருந்து விசிறத் தேவையில்லை.

வயலுக்குக் குழை தாழ்த்தல்

2021 ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலத்திலே கமக்காரர் பலர் குழை தாழ்த்தலை நாடினர். குழையினால் எவ்வளவு பெறலாம் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று.

பச்சைக் குழை 100 கிலோவில் ஏறக்குறைய 75 கிலோ நீரே. மிகுதி 25 கிலோ உலர்பொருளில் நூற்றுக்கு 3 பங்கு நைதரசன் என, சிறந்த குழைக்குரிய அளவைக் கொண்டாலும், கிடைப்பது 750 கிராம் ஆகும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. அந்த ஒரு மூடைக்கு ஈடாக 3,000 கிலோவுக்கு மேற்பட்ட குழை வேண்டும். அந்த அளவு குழையை ஒரு சில செடிகளிலிருந்து பெறல் இயலாது.

இதனால் குழை பயனற்றது என்று கொள்ளலாகாது. குழை உக்கும்போது மண்ணிற் சேதனப் பொருள் சேர்கிறது. மணற்றரை நீரைப் பிடித்துவைக்கும் தன்மை பெறுகிறது. இட்ட பசளை கழுவுண்டு போவது குறைகிறது. ஆகையால் குழையை, வைக்கோல், சாணம், கிளிசிரிடியாக் குழை ஆகியவற்றோடு சேர்த்து இடுதலும், மண்பரிசோதனையின்படி வேண்டிய இரசாயனப் பசளையை இடுதலுமே தக்க முறையாகும்.

ஆவரசங்குழையை இடும்போது இளங்கிளைகளையும் இலைகளையும் மட்டும் எடுக்க வேண்டும். தடித்த கொம்புகள் ஒரு போகத்துள் உக்கா, உழுகருவியிலும் சிக்கும். முதலுழவோடு மண்ணுள் மறையத் தாழ்த்தி, விதைப்புக்கோ நடுகைக்கோ இரண்டு கிழமையாவது இடைவெளி விடல் வேண்டும். குழை உக்கும் தொடக்க நாட்களில் மண்ணிலுள்ள நைதரசன் சிறிது காலம் கட்டுண்டு நிற்பதாலும், நீர் நிற்கும் வயலில் தீங்கான அமிலங்கள் தோன்றுவதாலும், உடனே நட்ட நாற்று மஞ்சளித்து நிற்கும்.

மரக்கறித் தோட்டத்தில்

கத்தரி, மிளகாய் முதலியவற்றின் அடியில் ஆவரசங்குழையை மூடுபடையாகப் பரப்பினால் கோடையில் ஈரம் காக்கப்படும். தண்டில் முட்டாதபடி நான்கு விரல் இடைவெளி விடுக. தடித்த கொம்புகளைச் சிறிதாக வெட்டிச் சாணத்துடன் கூட்டெருக் குவியலில் இடலாம்.

இன்னுமொரு நன்மையும் உண்டு. ஆவரசம்பூவில் மகரந்தம் நுனித்துளை வழியாகவே வெளிவரும். அதனைப் பெறப் பெருங் கருவண்டுகள் பூவைப் பற்றி அதிர்விக்கின்றன. கத்தரிப் பூவின் அமைப்பும் இவ்வகையினதே. ஆதலின் வேலியிலே ஆவரசு பூத்திருந்தால், கத்தரிக்குப் பயன்தரும் வண்டுகளுக்கு அருகிலேயே உணவு கிடைக்கும். பூக்கள் விரிந்திருக்கும் காலை வேளையில் பீடைநாசினி விசிறுவோர் இந்நன்மையை இழப்பர்.

பூவின் பயன்

காய்ந்த ஆவரசம்பூவை நீரில் அவித்துப் பருகும் வழக்கம் இலங்கை முழுவதும் உண்டு. இதன் இலை முற்காலத்தில் மாத்தறைத் தேயிலை என்ற பெயரும் பெற்றிருந்தது. பனி உலர்ந்தபின், நன்கு விரிந்த பூக்களைப் பறித்து, பூச்சி நீக்கி, பாயில் ஒரு படையாகப் பரப்பி நிழலில் உலர்த்துக. கசக்கினால் நொறுங்கும் பதத்தில் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்தல் வேண்டும். ஈரமுள்ள பூ பூஞ்சணம் பிடிக்கும். அதனை எறிந்துவிடல் வேண்டும். பீடைநாசினி விசிறும் மிளகாய், கத்தரித் தோட்டங்களின் ஓரத்திலும், வாகனங்கள் ஓடும் தெருவோரத்திலும் நிற்கும் செடிகளிலிருந்து குடிப்பதற்குப் பூ எடுக்கலாகாது. காசு ஈட்டும் நோக்குடன் பூ உலர்த்துவோர் இவ்விதியைச் சிறிதும் தளர்த்தலாகாது.

நீரிழிவுக்கு ஆவரசம்பூ நல்லதென்பது மக்கள் கூற்று. இரத்தத்து வெல்லம் குறைந்ததாக எலிகளிற் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. எலிக்குக் கண்டதைக் கொண்டு, மனிதருக்கு வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்துதல் உயிருக்கு ஆபத்தாகும். மருந்தையும் எடுத்து, செறிந்த கசாயத்தையும் நாள்தோறும் பருகினால், வெல்லம் அளவுக்கு மீறிக் குறைய இடமுண்டு. இலங்கை ஆராய்ச்சியாளர் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஈரலைப் பாதிக்கும் காரப்பொருள்கள் காணப்பட்ட மூலிகைகளுள் ஆவரசும் இடம்பெற்றது. 2004 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், வலிப்புக்கு வழங்கும் காபமசெப்பீன் என்னும் மருந்தோடு இப்பானத்தையும் பெற்ற எலிகளின் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு கூடியிருந்தது.

ஆகவே, எப்போதாவது ஒரு கோப்பை பருகுவது ஒன்று. மாதக்கணக்கில் மருந்தாகக் குடிப்பது வேறொன்று. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், ஈரல் நோயாளரும், நீரிழிவு அல்லது வலிப்புக்கு மருந்து எடுப்போரும் வைத்தியரைக் கேளாது இதனைப் பருகலாகாது.

பட்டை

ஆவரசின் பட்டையில் நூற்றுக்கு 18 பங்கு அளவில் தனின் என்னும் துவர்ப்பொருள் உண்டு. தென்னிந்தியாவிலே தோல் பதனிடுவதற்கு இது பெரிதும் பயன்பட்டது. பட்டை வேண்டுவோர் குழைக்காக வெட்டிய கிளைகளிலிருந்தே அதனை உரித்துக்கொள்ளலாம். நிற்கும் செடியின் அடித்தண்டைச் சுற்றி உரித்தால் செடி பட்டுவிடும்.

கவனத்திற் கொள்ள வேண்டியவை

ஆவரசை வேலியிலும் தரிசிலும் வளர்க்க. குழையை இளமையில் வெட்டி, இரண்டு கிழமை முன்னதாகத் தாழ்த்துக. குழையிட்டதை நம்பிப் பசளையை முற்றாக நிறுத்தற்க. பேயாவரையைப் பிரித்தறிக. மருந்து விசிறாத இடத்துப் பூவையே வீட்டுக்கு எடுக்க. வைத்தியர் கொடுத்த மருந்தைப் பூவுக்காகக் கைவிடற்க.

மண்பரிசோதனை, பசளை அளவு ஆகியவை பற்றிய ஆலோசனைகளைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.