உப்புக் காத்துல எந்த ஒயர் தாங்கும்?

பிளேஸ்மென்ட் ஆன்லைன் டெஸ்ட் நடுவுல நெட் போனா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லீவுக்கு ஆரோவில், கூனிமேடு, மரக்காணம் பக்கம் வீட்டுக்குப் போறவங்களுக்கு எப்பவும் வர்ற சந்தேகம் இது: டெலிபோன் லைன்ல வர்ற டி.எஸ்.எல். போடலாமா, கேபிள்காரர் தர்ற நெட் போடலாமா? பிளான்ல அச்சடிச்ச வேகத்தை நம்பி முடிவு பண்ணாதீங்க. ஒயர் எவ்வளவு தூரம், எப்படி வருதுன்னு பாருங்க.

டி.எஸ்.எல். ஓடுவது பழைய செம்புக் கம்பி ஜோடியில்தான். நம் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே டேட்டா போகிறது. பி.எஸ்.என்.எல். 2005-ல் பிராட்பேண்டைத் தொடங்கியது இந்த முறையில்தான். ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்றால் எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலேயே வீடு இருப்பவருக்கு 24 எம்.பி.பி.எஸ். வரை கிடைக்கும். 5 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒண்ணோ ரெண்டோதான். உயர் அதிர்வெண் சிக்னல் செம்பில் சீக்கிரம் தேய்ந்துபோகும், அதான் காரணம். அப்லோடு பக்கத்திலேயே இருந்தாலும் 1 எம்.பி.பி.எஸ். சுற்றித்தான். கேமரா ஆன் பண்ணி எழுதுற டெஸ்ட்டுக்கு இது உதைக்கும்.

நம்ம கரையில் தூரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. உப்பளத்தின் மேல் வீசும் ஈரக்காற்று கம்பி ஜாயின்ட்டில் புகுந்தால் செம்பு பச்சை பூக்கும், மின்தடை ஏறும், இரைச்சல் கூடும். சோதிக்கிறது ஈஸி: லேண்ட்லைனை எடுத்து ஒரு நம்பரை அமுக்குங்க, டயல் டோன் நின்னுடும். அப்பவும் கரகரன்னு கேட்டா ஜாயின்ட் போச்சுன்னு அர்த்தம். மோடம் பக்கத்துல எஸ்.என்.ஆர். மார்ஜின் 6 டெசிபலுக்குக் கீழே இருந்தா அடிக்கடி கட் ஆகும்.

கேபிளுக்கு இவ்வளவு தூரப் பிரச்சினை இல்லை. கோஆக்சியல் ஒயரின் அலைவரிசை பெரிசு, வழியில் ஆம்ப்ளிஃபையரும் உண்டு. ஆனால் தெருவே ஒரே குழாயில் தண்ணி பிடிக்கிற கதை. ராத்திரி எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தா உங்க பங்கு குறையும். கரண்ட் போனா தெரு ஆம்ப்ளிஃபையர் படுத்துடும், உங்க வீட்டு இன்வெர்ட்டர் இருந்தும் பிரயோஜனமில்லை. டி.எஸ்.எல்.லுக்கு எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கும், அந்த ஒரு விஷயத்தில் அது கில்லாடி.

ரெண்டுல ஒண்ணுன்னா, எக்ஸ்சேஞ்ச் ஒண்ணு, ஒண்ணரை கிலோமீட்டருக்குள்ள இருந்து லைனும் சுத்தமா இருந்தா மட்டும் டி.எஸ்.எல். இல்லேன்னா கேபிள். ஆனா இப்ப கேபிள்காரர் 'நெட்'னு சொல்றது நிறைய இடத்துல ஃபைபர்தான், அதனால 'வீடு வரைக்கும் ஃபைபரா, தெருமுனை வரைக்குமா?'ன்னு கேளுங்க. கண்ணாடி இழை உப்பில் அரிக்காது, இடி மின்னலையும் வீட்டுக்குள் கடத்தாது, 20 கிலோமீட்டர் வரை வழியில் கரண்ட்டே கேட்காது. புயலில் மரம் விழுந்தால் மட்டும் அறுந்துவிடும். செம்பை லைன்மேன் முறுக்கி ஒட்டிடுவார். ஃபைபருக்கு ஸ்ப்ளைசிங் மெஷின் வரணும், ஃபெஞ்சல் மாதிரி ஒரு புயலுக்கு அப்புறம் அது சீக்கிரம் வந்துடாது. அதனால ஃபைபர் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒண்ணு வாங்கி வெச்சுட்டு, டெஸ்ட் அன்னைக்கு போன்ல ஹாட்ஸ்பாட்டையும் தயாரா வெச்சுக்குங்க.