நீர்க்கரை நிலக்காட்சி ஓவியத்தைப் பொருள்கொள்ளும் முறை

ஆறு, குளம், கழி ஆகியவற்றின் கரையில் உள்ள சிற்றூரைக் காட்டும் ஓவியம் நீர்க்கரை நிலக்காட்சி ஓவியம் ஆகும். இவ்வகை ஓவியங்கள் பெரும்பாலும் அமைதியான காட்சிகளாகவே பார்க்கப்படுகின்றன. அந்த அமைதி ஓவியர் தேர்ந்துகொண்டது. எனவே காட்டப்பட்டதுடன் விடுபட்டதையும் கவனிக்க வேண்டும். தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பகுப்பு இதற்குத் துணைபுரியும்.

எடுத்துக்காட்டு: 'தி ஹே வெயின்'

இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் (1776–1837) 1821இல் வரைந்த இந்த எண்ணெய் வண்ண ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. தலைப்பு உலர்புல் ஏற்றும் வண்டியைக் குறிக்கும். 1824ஆம் ஆண்டு பாரிசு கண்காட்சியில் இது தங்கப் பதக்கம் பெற்றது.

முதற்பொருள் (நிலமும் பொழுதும்): சஃபோக் பகுதியின் இசுடவர் ஆறு, கோடை நண்பகல். ஓவியத்தின் முதல் தலைப்பே 'நிலக்காட்சி: நண்பகல்' என்பதுதான்.

கருப்பொருள் (அந்நிலத்துக்குரியவை): இடப்புறம் ஒரு வீடு, நீரில் நிற்கும் வெற்று வண்டி, குதிரைகள், கரையில் ஒரு நாய். வலப்புறம் தொலைவில் புல்வெளி.

உரிப்பொருள் (மாந்தர் நிலை): புல் அறுப்போர் அத்தொலைவில் சிறு புள்ளிகளாகவே தெரிகின்றனர். 1815இல் நெப்போலியப் போர்கள் முடிந்தபின் தானிய விலை சரிந்து, பண்ணைத் தொழிலாளர் வேலையின்றி வாடினர். 1822இல் கிழக்கு இங்கிலாந்தில் அவர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தனர். அந்த நெருக்கடி ஓவியத்தில் இல்லை. அருகிலிருந்த ஆலை கான்ஸ்டபிளின் தந்தைக்குச் சொந்தமானது. பழைய வரைவுகளைக் கொண்டு இலண்டனில் இருந்தபடியே அவர் இதைத் தீட்டினார். ஆகவே இது ஆலை உரிமையாளர் மகனின் இளமை நினைவு. கூலியாளின் பார்வை அன்று.

தேங்காய்த்திட்டுக்குப் பொருத்துதல்

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள நெய்தல் நிலம். அங்கே அலையாத்தி மரங்களும் உண்டு, மீன்பிடித் துறைமுகமும் உண்டு. மரங்களையும் நீரையும் மட்டும் வரைந்தால் அது ஆளில்லா அமைதிக் காட்சியாகும். படகு, வலை, மீன் ஏலம் ஆகியவற்றைச் சேர்த்தால் அதே கரை பிழைப்புக்குரிய இடமாகும். இரண்டிலும் பொய் இல்லை. எனினும் முதல் படத்தை மட்டும் கண்டவருக்கு அக்கரையை நம்பி வாழ்வோர் கண்ணில் படமாட்டார்கள்.

எனவே இத்தகைய ஓவியத்தைக் காண்போர், அக்கரையில் உழைப்பவர் யார், ஓவியர் அவரை எங்கே நிறுத்தியுள்ளார் என்ற இரண்டையும் முதலில் தேட வேண்டும்.