ஐந்து வகுப்பும் ஐந்து ஆசிரியரும்: ஊரக உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வாரம்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியில் உயர்நிலைப் பள்ளி என்பது ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை நடத்தும் பள்ளியைக் குறிக்கும். 1978-இல் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிக் கல்வியின் பகுதியாகி மேல்நிலைப் பள்ளிகள் தோன்றியபின், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பள்ளிகள் மெல்ல மெல்லப் பொதுக் கவனத்திலிருந்து விலகின. ஆயினும் ஊர்ப்புறத்துப் பிள்ளைகள் பலருக்கு, அதிலும் தொலைவைக் காரணம் காட்டிப் படிப்பு நிறுத்தப்படும் அபாயத்தில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு, நடந்தே போய்ச் சேரக்கூடிய கடைசிப் பள்ளி அதுவே. ஊர் மக்கள் பங்குத் தொகை கட்டியும் இடம் ஒதுக்கியும், நடுநிலைப் பள்ளியாக இருந்ததைத் தரம் உயர்த்தச் செய்து பெற்ற பள்ளிகள் இவற்றுள் பல. இத்தகைய பள்ளியின் மதிப்பை ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு அளப்பது போதாது. அங்கே ஒரு வாரம் எவ்வாறு நடக்கிறது என்பதை அறிந்தால்தான் அதன் சாதனை எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

சிறிய உயர்நிலைப் பள்ளியின் அடிப்படைக் கணக்கு எளிமையானது. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாடங்களுக்குப் பாடத்துக்கு ஒருவராக ஐந்து பட்டதாரி ஆசிரியர்களும் ஒரு தலைமையாசிரியரும் இருப்பதே அங்கு வழக்கமான அமைப்பு. நாளுக்கு எட்டுப் பாடவேளை வீதம் வாரத்துக்கு நாற்பது பாடவேளைகள் உள்ள அட்டவணையில், ஒரு வகுப்புக்குக் கணிதம் ஆறு பாடவேளை என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்துக் கணித ஆசிரியர் ஒருவரே முப்பது பாடவேளை நடத்தியாக வேண்டும். எஞ்சிய பத்திலேயே ஏடு திருத்துவதும், விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதும், கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை எனப்படும் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவிலிருந்து நலத்திட்ட விவரங்கள் வரை பதிவேற்றுவதும் அடங்க வேண்டும். பெரிய பள்ளியில் கணித ஆசிரியர் ஒருவர் மாறுதலில் சென்றால் மற்றவர்கள் அவருடைய வகுப்புகளைப் பகிர்ந்துகொள்ள முடியும். சிறிய பள்ளியிலோ ஒரு பணியிடம் காலியானால் அந்தப் பாடமே ஊரை விட்டுப் போய்விடுகிறது. உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த உண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் கொடியேற்றத்தோடு வாரம் தொடங்குகிறது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறளும் அதன் பொருளும், செய்தி வாசிப்பு, நாட்டுப்பண் என்று செல்லும் அந்தச் சிறு கூட்டத்தில் குறள் சொல்லவும் செய்தி வாசிக்கவும் மாணவர்கள் முறை வைத்து முன்னே வந்து நிற்கிறார்கள். ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் ஒலிபெருக்கியின் முன் நிற்கும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்கு ஐந்தாண்டில் ஒருமுறைகூடக் கிடைக்காமல் போகலாம். நூற்றிருபது பேர் படிக்கும் பள்ளியில் அந்த முறை பருவத்துக்கு ஒருமுறையேனும் தவறாமல் வரும். கூச்சத்தால் குரல் எழாத பிள்ளையும் ஐந்தாண்டுகளில் கூட்டத்தின் முன் பேசிப் பழகிவிடுகிறது. சிறுமையால் விளையும் நன்மைகளுள் இதுவே தலையாயது.

நண்பகல் உணவு இந்தப் பள்ளிகளின் வாரத்துக்கு ஒரு நிலையான ஒழுங்கைத் தந்திருக்கிறது. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடக்கப் பள்ளிகளில் வேரூன்றி, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்த மதிய உணவு, 1984-இல்தான் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டு உயர்நிலை வகுப்புகளை எட்டியது. 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய முட்டை, 2010-இல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது. காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலைப் புலவு, தக்காளிச் சோறு, சாம்பார்ச் சோறு என நாளுக்கொரு வகையாக வந்த பிறகு, எட்டாம் வகுப்பைக் கடந்த பிள்ளைகள் தட்டெடுக்க வெட்கப்பட்டுப் பசியோடு இருக்கும் வழக்கமும் குறைந்தது. சமைக்கும் பணியாளர்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பெண்களே என்பதால், எந்தப் பிள்ளை இரண்டு நாளாக வரவில்லை, எந்த வீட்டில் என்ன சிக்கல் என்பது வருகைப் பதிவேட்டை எட்டும் முன்பே சமையற்கூடத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

விளையாட்டில் சிறிய பள்ளியின் தேர்வுகள் அதன் மாணவர் எண்ணிக்கையாலேயே முடிவாகின்றன. களத்தில் எழுவரும் மாற்று வீரர் ஐவருமாகப் பன்னிருவரைக் கொண்டு அமையும் கபடி அணியை ஒன்பது, பத்தாம் வகுப்புகளிலிருந்து திரட்டிவிடலாம். ஹாக்கிக்கோ கால்பந்துக்கோ பதினொருவரையும் மாற்று வீரர்களையும் தேடுவது கடினம், அதற்கேற்ற மைதானமும் பல இடங்களில் இல்லை. அண்டை ஊர்ப் பள்ளிகள் சேர்ந்து ஆடும் குறுவட்டப் போட்டிகளில் இத்தகைய பள்ளிகள் கபடியிலும் கோ-கோவிலும் தடகளத்திலும் பெரிய பள்ளிகளுக்கு ஈடுகொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முழுநேர உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகளில், 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலியவற்றுக்கென நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் வாரத்தில் மூன்று அரைநாள் வந்து இந்தப் பொறுப்பைச் சுமக்கிறார்கள். அவர்கள் பெறும் ஊதியத்துக்கும் அவர்களால் பள்ளி பெறும் நன்மைக்கும் உள்ள இடைவெளி வருத்தம் தருவது. 2022 முதல் நடைபெறும் கலைத் திருவிழாவில் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாகப் போட்டிகள் நடப்பதால், பறையும் சிலம்பமும் வில்லுப்பாட்டும் அறிந்த பிள்ளைகளுக்குத் தேர்வுத் தாளுக்கு வெளியே ஒரு மேடை அமைந்திருக்கிறது.

பள்ளியின் அறிவிப்புப் பலகையில் நெடுநாள் அழிக்கப்படாமல் இருக்கும் செய்தி, தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் வென்ற பிள்ளைகளின் பெயர்களாகவே இருக்கும். ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்திலிருந்து வந்து, அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் எழுதும் இத்தேர்வில், நாடு முழுதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. வென்றவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்காண்டுகளில் 48,000 ரூபாய், நேரே வங்கிக் கணக்கில் சேர்கிறது. தேர்வு இரண்டு பகுதிகளாக நடைபெறும். அறிவியல், சமூக அறிவியல், கணிதம் ஆகிய பாடங்களிலிருந்து 90 வினாக்கள் கேட்கப்படும் படிப்பறிவுத் தேர்வு ஒன்று. எண் தொடரின் அடுத்த எண்ணைக் காணுதல், கண்ணாடியில் தெரியும் உருவத்தைக் கண்டறிதல், குறியீட்டு மொழியை விடுவித்தல் போன்ற 90 வினாக்களைக் கொண்ட மனத்திறன் தேர்வு மற்றொன்று. மனத்திறன் பகுதிக்கு அட்டவணையில் தனிப் பாடவேளை கிடையாது. நகரத்துப் பிள்ளைக்குப் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஊர்ப்புறப் பிள்ளைக்கு இருப்பது மாலை நான்கு மணிக்கு மேலும் வீடு திரும்பாமல் அமர்ந்திருக்கும் ஓர் ஆசிரியர் மட்டுமே. இருபத்தைந்து பேர் உள்ள எட்டாம் வகுப்பிலிருந்து இருவர் தேர்ச்சி பெற்றால், அதற்குப் பின்னால் ஏழு எட்டு மாதங்களின் மாலைப்பொழுதுகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் எழுதும் ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவரும் 50 மாணவியரும் தேர்வாகிறார்கள். அதன் உதவித்தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான் என்றாலும், பெண்ணைத் தொடர்ந்து படிக்க வைக்கலாமா என்று தயங்கும் பெற்றோரிடம் அந்தச் சான்று பேசும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் முறையை அரசு 2017-இல் கைவிட்டது நல்ல முடிவு. அதன்பின் ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்பதே பெருமைக்குரிய அளவுகோலாயிற்று. இருநூறு பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் விழுக்காட்டில் அரைப் புள்ளி குறையும்; இருபது பேர் எழுதும் பள்ளியில் ஐந்து புள்ளி குறையும். இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்த்துச் சிறிய பள்ளியின் தலைமையாசிரியரிடம் விளக்கம் கேட்பது முறையன்று. அப்படிக் கேட்கப்படும் என்ற அச்சமே, மெல்லக் கற்கும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே சுமையாகப் பார்க்கும் மனநிலைக்கு வழி திறக்கிறது. அந்த அச்சத்துக்கு இடங்கொடாமல், பாடத்துக்கு 35 மதிப்பெண் என்ற எல்லையைத் தொடுவதற்கே திணறும் பிள்ளையையும் கூடவே வைத்துக்கொண்டு கரை சேர்க்கும் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் உழைப்பு முதல் மதிப்பெண்ணை விடப் பெரிது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021-இலும் வழங்கப்பட்ட 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது தகுதியாகக் கொள்ளப்படுகிறது. அந்த ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கழிந்தவை. ஆயினும் இடம் பெற்ற மாணவரின் பெயர் பன்னிரண்டாம் வகுப்பு நடத்திய பள்ளியின் கணக்கிலேயே எழுதப்படுகிறது. தசம எண்களையும் விகிதத்தையும் முதன்முதலாகப் புரிய வைத்த பள்ளிக்குப் பல நேரங்களில் செய்திகூடப் போய்ச் சேர்வதில்லை. ஒவ்வொரு மாணவரும் எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பள்ளிக்குச் சென்றார் என்ற விவரம் எமிஸ் தளத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் அதைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இன்ன மாணவர் இன்ன படிப்பில் சேர்ந்தார் என்று அவர் பத்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கு மாவட்டக் கல்வி அலுவலகம் ஒரு பட்டியல் அனுப்புமானால், அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.